மழை நிறுத்திய பயணி

தர்மபுரியிலிருந்து வத்தல்மலைக்கு ஏறும் பாதையில் இருபதுக்கும் மேற்பட்ட கொண்டை ஊசி வளைவுகள் உள்ளன. ஐப்பசி, கார்த்திகையில் அடைமழை பிடித்துக் கொண்டால் மூடுபனி அவ்வளைவுகளை மறைத்துவிடும். காப்பியும் மிளகும் வாங்க மலையேறிய வியாபாரி, இறங்க வழியின்றி மேலேயே தங்கிவிட நேரும். மூட்டைகள் நனையாதபடி தார்ப்பாயை இழுத்து மூடிவிட்டு, வானத்தை அண்ணாந்து பார்த்தபடி அமர்ந்திருப்பார். ஊரில் கடை பூட்டிக் கிடக்கிறது. வீட்டில் மனைவி மக்கள் வழிபார்த்திருக்கின்றனர். அந்த நாளை எந்தக் கணக்கில் சேர்ப்பது?

இதே மாவட்டத்தின் மேற்கு எல்லையில், ஒகேனக்கலில், இக்கேள்வி வேறு விதமாக எழுகிறது. அங்கே காவிரியில் ஓடுவது பரிசல். மூங்கிலை வட்டக் கூடையாகப் பின்னி, முற்காலத்தில் தோலாலும் இக்காலத்தில் பிளாஸ்டிக் உறையும் தாரும் கொண்டும் அடிப்புறத்தை மூடியிருப்பர். ஒற்றைத் துடுப்புடன் ஒருவரே அதனைச் செலுத்துவார். மேலே பிலிகுண்டுலுவில் நீரின் அளவு உயர்ந்துவிட்டால், பரிசல் இயக்க மாவட்ட நிர்வாகம் தடை விதிக்கும். விந்தை யாதெனில், ஆடி மாத வெள்ளம் தர்மபுரி மழையால் வருவதன்று. குடகிலும் வயநாட்டிலும் பெய்யும் தென்மேற்குப் பருவமழை கிருஷ்ணராஜ சாகரையும் கபினி அணையையும் நிரப்ப, அங்கு திறந்துவிடப்படும் நீர் இங்கே புரண்டு வரும். தலைக்குமேல் வெயில் காயும்போதே ஆறு சிவந்து ஓடும். "ஒரு துளி மழை இல்லையே, ஏன் மறுக்கிறீர்?" என்று வெளியூரார் பரிசல்காரரிடம் வாதிடுவதுண்டு. கூலியை இழந்து கரையில் அமர்ந்திருப்பவர் அவரே என்பதை இவர்கள் எண்ணிப் பார்ப்பதில்லை.

கொந்தளிக்கும் நேரத்தில் கடலேறி மாண்டவனுக்குப் பாதுகாப்புப் பொறுப்பு நீங்கிவிட்டது என்னும் கருத்தில் நாயகம் (ஸல்) அவர்கள் எச்சரித்தது, இமாம் புகாரி (ரஹ்) அவர்களின் 'அல் அதபுல் முஃப்ரத்' நூலில் பதிவாகியுள்ளது. தடுப்புச் சுவரில்லாத மாடியில் உறங்குபவனும் அதே எச்சரிக்கையில் சேர்க்கப்பட்டுள்ளான். துணிவு வேறு, தன்னையே அழிவில் தள்ளிக்கொள்வது வேறு.

துணிவுக்கு ஒரு சான்று கூறலாம். 1932ஆம் ஆண்டு ஆஸ்கர் ஸ்பெக் என்ற ஜெர்மானியர், வேலையிழந்த நிலையில், உல்ம் நகரில் டான்யூப் ஆற்றில் ஒரு மடக்குப் படகை இறக்கினார். பிறகு ஃபுராத் நதி வழியாகப் பாரசீக வளைகுடாவை அடைந்து, இந்தியக் கரையோரமாகவும் இலங்கையைத் தொட்டும், தன்னந்தனியே துடுப்புப் போட்டுச் சென்றார். 1939 செப்டம்பரில் ஆஸ்திரேலிய எல்லையிலுள்ள தீவொன்றில் கரையேறியபோது உலகப்போர் மூண்டுவிட்டிருந்தது; எதிரி நாட்டவர் என்று சிறைப்பிடிக்கப்பட்டார். ஏறத்தாழ 50,000 கிலோமீட்டர், ஏழாண்டுகளுக்கு மேல். வகுத்துப் பார்த்தால் நாளொன்றுக்கு 20 கிலோமீட்டர்கூட இல்லை! படகோட்டிய நாட்களோடு, காற்றுக்கும் காய்ச்சலுக்கும் கைப்பணத்திற்கும் காத்துக் கிடந்த நாட்களும் அப்பயணத்தில் அடங்கியிருந்தன. இத்தனைக்கும் அவருக்கு நீச்சல் தெரியாது. இரவில் தனியே பயணிப்பதன் தீங்கை மக்கள் அறிந்தால் எவரும் துணியமாட்டார் என்ற பொருளில் புகாரியில் வரும் நபிமொழியை அறிந்த நாம், அவருடைய தனிப்பயணத்தைப் பின்பற்றத்தக்கது எனச் சொல்ல இயலாது. ஆனால், காத்திருந்த அவருடைய பொறுமை கவனிக்கத்தக்கது.

இனி, மழையைப் பற்றி மார்க்கம் கூறுவதைக் காண்போம். மழை பொழிந்த வெள்ளிக்கிழமை ஒன்றில், "தொழுகைக்கு வாருங்கள்" என்பதற்குப் பதிலாக, இல்லங்களிலேயே தொழுமாறு அறிவிக்கும்படி இப்னு அப்பாஸ் (ரலி) அவர்கள் முஅத்தினைப் பணித்தார்கள். மக்கள் வியந்தபோது, தம்மைவிடச் சிறந்தவரான நபியவர்கள் இவ்வாறு செய்துள்ளார்கள் என்றும், சேற்றில் வழுக்கியபடி மக்களை நடக்கவைக்கத் தாம் விரும்பவில்லை என்றும் விளக்கினார்கள். வத்தல்மலைச் சரிவில் மழைநாளில் நடந்தவர்க்கு அந்தச் சேற்றைப் பற்றி நாம் விளக்க வேண்டியதில்லை. பயணத்தாலோ நோயாலோ வழக்கமான நல்லமல்கள் தடைப்பட்டால், ஊரிலும் நலத்திலும் இருந்தபோது செய்தவற்றுக்கு நிகரான நன்மை எழுதப்படும் என்பதும் புகாரியில் உள்ளது. முடங்கிய பயணியின் ஏடு வெறுமையாக இல்லை.

அவ்வாறாயின், முடங்கியவர் இன்னும் முஸாபிர்தானா? அஜர்பைஜானில் பனி வழியை அடைத்துக்கொண்டபோது, இப்னு உமர் (ரலி) அவர்கள் ஆறு மாதங்கள் அங்கே தங்கிக் கஸ்ராகவே தொழுதார்கள் என்று பைஹகீயில் காண்கிறோம். ஹனபி மத்ஹபில், ஓரிடத்தில் 15 நாள் தங்குவதென உறுதி கொண்டவரே முகீம். "நாளை புறப்படுவேன்" என்றே நாட்களைக் கடத்துபவர், எத்தனை நாளானாலும் பயணியே. ஷாபிஈ மத்ஹபில், வந்த நாளும் புறப்படும் நாளும் நீங்கலாக நான்கு நாள் தங்க நாடினால் முழுமையாகத் தொழ வேண்டும். இன்றோ நாளையோ கிளம்பலாம் என்று காத்திருப்பவருக்கு 18 நாள் வரை சலுகை உண்டு. மக்கா வெற்றியின்போது நபியவர்கள் தங்கிய நாட்களே இதற்கு ஆதாரம்.

தர்மபுரிவாசி வத்தல்மலையில் மாட்டிக்கொண்டால் இச்சலுகை கிடையாது. கஸ்ருக்கு ஏறத்தாழ 80 கிலோமீட்டர் பயணம் வேண்டும். ஆம்பூரிலிருந்து ஒரு ஹனபியும் கீழக்கரையிலிருந்து ஒரு ஷாபிஈயும் வந்து ஒரே அறையில் அடைபட்டார்கள் என்று கொள்வோம். இருவரும் லுஹரை இரண்டு ரக்அத்தாகத் தொழுவர். 18 நாளும் கடந்து மழை விடாவிட்டால், கீழக்கரைக்காரர் நான்காகத் தொழவேண்டும், ஆம்பூர்க்காரருக்கு இரண்டே. ஆனால், அவ்வூர் பள்ளி இமாமைப் பின்பற்றி நின்றால் ஆம்பூர்க்காரரும் நான்கையே நிறைவேற்ற வேண்டும்.