தட்டுவடை செட்டும் கணினியும்

நம் சேலத்துத் தட்டுவடை செட்டை அறியாதார் யார்? இரு தட்டுவடைகளுக்கு இடையே சட்னி, துருவிய காரட், பீட்ரூட், வெங்காயம் வைத்துத் தருவார்கள். "காரம் குறைவாக அண்ணா!" என்றால் போதும். ஆனால் ரயில் பயணிகளுக்காக 2014-இல் ஐ.ஆர்.சி.டி.சி. தொடங்கிய இ-கேட்டரிங் போன்ற முறைகளில் கடைக்காரரை நாம் பார்ப்பதில்லை. சூரமங்கலத்தில் சேலம் சந்திப்பில் ரயில் நிற்பதோ சில நிமிடங்களே! ஆகவே, அவர் கேட்கக்கூடியதை எல்லாம் கணினியில் முன்கூட்டியே எழுதி வைக்க வேண்டும்.

இக்கேள்விகள் இருவகைப்படும். முதலாவது, காரம் குறைவா, நடுத்தரமா, அதிகமா என்பது போன்றது. இதில் ஒன்றைக் கட்டாயம் தேர்ந்தெடுக்க வேண்டும். இரண்டாவது, கூடுதல் காரட், கூடுதல் சட்னி போன்றவை. இவற்றில் பலவற்றை எடுக்கலாம், எடுக்காமலும் விடலாம். இவற்றிற்குத் தனி விலையும் உச்ச அளவும் குறிக்க வேண்டும்.

ஒன்றை மறவாதீர்கள். "வெங்காயம் வேண்டாம்" என்பது ருசி. "நிலக்கடலை ஆகாது" என்பது சிலருக்கு உயிர்ப் பிரச்சினை. ஒவ்வாமை உள்ளவருக்குச் சிறு துணுக்கும் மூச்சை அடைக்கக்கூடும். வடை மாவிலேயே கடலை கலந்திருந்தால், "கடலை இல்லாமல்" என்ற தேர்வை வைக்கவே கூடாது. "இதில் கடலை உண்டு" என்று தெளிவாக எழுதிவிட வேண்டும். சமையலறையால் செய்ய முடிந்ததை மட்டுமே கணினி வாக்களிக்க வேண்டும்.