டொல்பின் வேனுக்கு என்ஜின் மாற்றப் போகிறீர்களா?

கடைக்குச் சாமான் ஏற்றும் பழைய டொல்பின் வேன் ஒன்று நம்மில் பலரிடம் இருக்கிறது. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு, 2025 பெப்ரவரியில் தனியார் வாகனங்களுக்கு மீண்டும் வழி திறக்கும் வரை அந்த வேன்தான் எத்தனையோ பேரின் வியாபாரத்தைச் சுமந்தது. வழி திறந்த பின்பும், வரியைச் சேர்த்துப் பார்த்தால் சின்ன வியாபாரிக்குப் புது வாகனம் எட்டாத தூரம்தான். எனவே என்ஜின் படுத்துவிட்டால் வேனை விற்பதைப் பற்றி யாரும் யோசிப்பதில்லை. என்ன என்ஜின் போடலாம் என்றுதான் யோசிக்கிறார்கள்.

அதற்கு முன் ஒரு கேள்வி இருக்கிறது. பழைய என்ஜின் ஏன் போனது? டொயோட்டாவின் 2எல் டீசல் என்ஜின்களில் சூடேறி ஹெட் வெடிப்பது பழைய வியாதி. பெரும்பாலும் குற்றவாளி அடைபட்ட ரேடியேட்டர்தான். அதை அப்படியே விட்டு வேறு என்ஜினை இறக்கினால் அதுவும் அதே வழியில் போகும்.

புளொக்கும் கிராங்கும் நல்ல நிலையில் இருந்தால், சொந்த என்ஜினையே போர் அடித்து ஓவர்சைஸ் பிஸ்டன் போட்டுச் செய்வதுதான் என் விருப்பம். உள்ளே என்ன போட்டோம் என்பது நமக்குத் தெரியும். என்ஜின் இலக்கமும் மாறாது. நாள் அதிகம் பிடிக்கும், நல்ல லேத் பட்டறையும் வேண்டும். வேன் ஓடாத நாட்களில் கொடுக்கும் வாடகை வாகனக் கூலியையும் கணக்கில் சேருங்கள். அதைச் சேர்க்காமல் "மலிவாக முடித்தேன்" என்பவர்கள் நிறையப் பேர்.

புளொக் வெடித்திருந்தால் மாற்றுவதைத் தவிர வழியில்லை. அப்போது பஞ்சிகாவத்தைக்குத்தான் போக வேண்டும். அங்கே "ரீகண்டிஷன்" என்று சொல்லப்படுவது பெயருக்குத்தான். ஜப்பானில் ஓடிய வாகனத்திலிருந்து கழற்றி, கழுவி, சில வேளை வெள்ளிப் பூச்சும் அடித்து வைத்த பாவித்த என்ஜின் அது. அதில் தவறில்லை, பாவித்தது என்று சொல்லி விற்றால்.

2எல் இருந்த இடத்தில் 3எல் பெரிய வெட்டு ஒட்டு இல்லாமல் இறங்கும், 5எல்லும் அப்படித்தான். 2446 சீசீக்குப் பதில் 2779 அல்லது 2986 சீசீ கிடைப்பதால், அரிசி மூட்டை ஏற்றிக் கண்டிப் பக்கம் ஏறுபவருக்கு வித்தியாசம் தெரியும். "டர்போ போடுங்கள், பறக்கும்" என்று கராஜ் பாஸ் சொன்னால் அவசரப்படாதீர்கள். 1கேஇசட்-டிஈ போன்றவற்றில் டீசல் பம்பையே கணினிப் பெட்டிதான் இயக்குகிறது. வயரிங் முழுவதும் கூடவே வராவிட்டால் அது இரும்புக் கட்டிதான்.

முடிந்தால் தரையில் கிடக்கும் என்ஜினை விட, பாதியாக வெட்டி வந்த வாகனத்தில் இருப்பதையே எடுங்கள். அதை இயக்கிப் பார்க்கலாம். இயக்குவதற்கு முன் புளொக்கைத் தொட்டுப் பாருங்கள். சூடாக இருந்தால், நீங்கள் வருமுன்னே யாரோ ஸ்டார்ட் செய்திருக்கிறார்கள். குளிர்ந்த நிலையில் எப்படிப் பிடிக்கிறது என்பதுதான் உண்மையான பரீட்சை. ஒயில் மூடியைத் திறந்தால் உள்பக்கம் பால் நிறம் படிந்திருக்கிறதா, ஓடும்போது அந்த வாயால் புகை தள்ளுகிறதா என்று பாருங்கள். பிறகு கொம்ப்ரஷன் அளக்கச் சொல்லுங்கள். இந்த எல் வகை என்ஜின்களில் சதுர சென்ரிமீற்றருக்கு 20 கிலோவுக்குக் கீழே போகக் கூடாது, சிலிண்டருக்குச் சிலிண்டர் வித்தியாசம் 5 கிலோவைத் தாண்டவும் கூடாது. அளக்க விடாத கடையில் வாங்காதீர்கள்.

மதீனாச் சந்தையில் தானியக் குவியலுக்குள் நபி (ஸல்) அவர்கள் கையை விட்டு, உள்ளே ஈரத்தைக் கண்ட சம்பவம் நமக்கெல்லாம் தெரியும். வெள்ளிப் பூச்சுக்கும் அந்தக் குவியலின் மேல்பரப்புக்கும் என்ன வித்தியாசம்? விற்கும் சகோதரர்களுக்கும் இதைத்தான் சொல்கிறேன். குறை தெரிந்தால் சொல்லி, விலையைக் குறைத்துக் கொடுங்கள்.

வாங்குபவர் நிபந்தனையைப் பில்லிலேயே எழுதி வாங்க வேண்டும். திருப்பிக் கொடுக்கும் உரிமையை நிபந்தனையாக வைக்க ஷாபிஈ மத்ஹபில் உச்சம் 3 நாட்கள். என்ஜினை இறக்கிப் பூட்டவே அதற்கு மேல் ஆகலாம். ஆகவே பரிசோதனையை வாங்கிய அன்றே முடியுங்கள். விற்கும் முன்பே இருந்த மறைவான குறை பின்னால் தெரியவந்தால் அது வேறு சட்டம். அதைக் கண்ட உடனே, தாமதிக்காமல் அறிவிக்க வேண்டும். தகராறு வந்தால் ஆலிம் ஒருவரிடம் போங்கள், கராஜில் நின்று சத்தம் போடுவதில் பயனில்லை.

பில்லோடு சுங்கப் பத்திரத்தின் பிரதியையும் கேட்டு வாங்குங்கள். என்ஜின் இலக்கம் மாறினால் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் அறிவித்துப் பதிவுப் புத்தகத்தைத் திருத்த வேண்டும். சீசீ மாறினால் அதையும் பதிய வேண்டும். இலக்கம் சுரண்டப்பட்ட என்ஜின் எவ்வளவு மலிவானாலும் வேண்டாம். வேனை விற்கும் நாளிலோ, விபத்துக்குப் பின் காப்புறுதி கேட்கும் நாளிலோ அது முன்னே வந்து நிற்கும்.

என்ஜின் வெளியே இருக்கும்போதே டைமிங் பெல்ட், வோட்டர் பம்ப், கிராங்கின் பின் சீல், கிளச் தட்டு எல்லாவற்றையும் மாற்றிவிடுங்கள். பெல்ட்டின் ஆயுள் 100,000 கிலோமீற்றர். வந்த பெல்ட் எவ்வளவு ஓடியது என்று யாருக்கும் தெரியாது. அது அறுந்தால் வால்வும் பிஸ்டனும் மோதிக்கொள்ளும்.

பழைய என்ஜினைக் கராஜிலேயே விட்டுவிட்டு வராதீர்கள். அதன் டீசல் பம்ப், ஸ்டார்ட்டர், டைனமோ ஆகியவை நல்லதாக இருந்தால் அவற்றுக்கும் பஞ்சிகாவத்தையில் ஆள் இருக்கிறார்கள்.