இரண்டாவது வாசலின் சாவி யாரிடம்?

இல்லத்திற்கு வாசல் ஒன்றே என்றிருந்த காலம் மலையேறிவிட்டது. இன்று நம் வீடுகள் பலவற்றிற்கு இரண்டாவதாக ஒரு வாசலும் உண்டு. கூடத்தின் மூலையில் சிறு விளக்குகள் மினுங்க அமர்ந்திருக்கும் ரூட்டர் என்னும் பெட்டிதான் அது. பிள்ளைகளின் பாடமும், வளைகுடாவில் உழைக்கும் குடும்பத் தலைவரின் குரலும், வங்கிக் கணக்கும் அதன் வழியாகவே வருகின்றன. வேண்டாதவையும் அதே வழியில்தான் வருகின்றன. முதல் வாசலில் ஸலாம் கூறி, அனுமதி பெற்ற பின்னரே நுழைய வேண்டும் என்ற ஒழுக்கத்தை அந்நூர் அத்தியாயம் நமக்குக் கற்பிக்கின்றது. இரண்டாவது வாசலின் சாவி யாரிடம் இருக்கின்றது என்று நம்மில் எத்தனை பேர் விசாரித்திருக்கின்றோம்?

இணைப்புத் தரும் நிறுவனம் தன் பெட்டியையே கொண்டுவந்து மாட்டிவிட்டுச் செல்வதுதான் இன்றைய வழக்கம். அதனை அகற்றிவிட்டு நாமே ஒன்றை வாங்கி வைக்கலாமா? வைப்பதாயின் எவ்வாறு? மார்க்கத்தின் பார்வையில் அந்தப் பெட்டியின் நிலை என்ன? இவற்றைச் சற்று ஆராய்வோம்.

சொந்தக் கருவி புதுமையன்று

1995 ஆகஸ்ட் 15 அன்று வி.எஸ்.என்.எல். நிறுவனம் நம் நாட்டில் பொதுமக்களுக்கு இணையத்தைத் திறந்துவிட்டபோது, சென்னையும் அதன் தொடக்க நகரங்களுள் ஒன்றாக இருந்தது. அன்று மோடம் என்பது சந்தாதாரர் தம் கணிப்பொறியோடு தாமே வாங்கி இணைத்துக்கொண்ட பொருளாகும். 2005இல் பி.எஸ்.என்.எல். அகலப்பட்டைச் சேவையைத் தொடங்கியபோதும், மோடத்தை வாடகைக்குப் பெறவும் வழியிருந்தது. சொந்தமாக வைத்துக்கொள்ளவும் வழியிருந்தது.

அமெரிக்காவில் தொலைபேசிக் கம்பியில் பிறருடைய கருவியை இணைக்கக் கூடாது என்றிருந்த தடையை அந்நாட்டின் தகவல் தொடர்பு ஆணையம் 1968இல் நீக்கியது. ஜெர்மனியில் 2016 ஆகஸ்ட் 1 முதல், எந்த ரூட்டரை வைத்துக்கொள்வது என்று முடிவு செய்யும் உரிமை சட்டப்படி வாடிக்கையாளருக்கே வழங்கப்பட்டது. ஆக, நம் வீட்டுக் கருவியை நாமே தேர்ந்தெடுக்க விரும்புவது அத்துமீறலும் அன்று, விசித்திரமும் அன்று.

2017 தந்த பாடம்

இதில் அக்கறை கொள்ள ஒரு வலுவான காரணமும் உண்டு. 2017 ஜூலையில் நம் நாட்டின் பல பகுதிகளில் பி.எஸ்.என்.எல். வாடிக்கையாளர்களின் மோடங்கள் ஒரு தீய நிரலின் தாக்குதலுக்கு ஆளாகிச் செயலிழந்தன. தொழிற்சாலையிலிருந்து வரும்போதே இடப்பட்டிருந்த, எல்லோரும் அறிந்த கடவுச்சொல் மாற்றப்படாமல் இருந்த மோடங்களே இரையாயின. கடவுச்சொல்லை உடனே மாற்றுமாறு அந்நிறுவனம் வாடிக்கையாளர்களைக் கேட்டுக்கொண்டது. அதற்கு முந்தைய ஆண்டு, 2016 நவம்பரில், ஜெர்மனியில் ஏறத்தாழ 9 இலட்சம் வாடிக்கையாளர்களின் இணைப்பு இத்தகைய தாக்குதலொன்றினால் முடங்கியது.

தெருவிலுள்ள எல்லா வீடுகளுக்கும் ஒரே பூட்டு, ஒரே சாவி என்றிருந்தால் திருடனுக்கு என்ன சிரமம்? நிறுவனம் தந்த பெட்டியானாலும், நாமே வாங்கிய பெட்டியானாலும், பூட்டை மாற்றாதவரை அது திறந்த வாசலே.

நெட்டுக்குப்பத்தில் ஒரு கேள்வி

கொசஸ்தலையாறு கடலோடு கலக்கும் எண்ணூர் முகத்துவாரத்தை ஒட்டிய ஊர் நெட்டுக்குப்பம். ஒருபுறம் கடல், மறுபுறம் கழிமுகம், சுற்றிலும் ஆலைகளும் துறைமுகமும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின் வெள்ளத்தோடு எண்ணெய்க் கசிவும் சேர்ந்து இப்பகுதியைச் சூழ்ந்ததை நாடே அறியும். இத்தகைய ஊரில், தாழ்வான பலகையில் வைத்திருந்த நிறுவனத்தின் பெட்டி வெள்ளத்தில் மூழ்கிப் பாழாகிவிட்டால் இழப்பு யாரைச் சாரும்?

நம் ஃபிக்ஹு நூல்கள் இதற்கு விடை தருகின்றன. பெட்டிக்கு மாத வாடகை செலுத்துகின்றோம் என்றால் அது இஜாரா ஆகும். வாடகைப் பொருள் நம் கையில் அமானிதம்; நம் கவனக்குறைவு இன்றி அழிந்தால் பொறுப்பு நம்மைச் சாராது. வாடகையின்றிப் பயன்படுத்தத் தந்திருந்தால் அது ஆரியத், அதாவது இரவல் பொருளின் நிலைக்கு நெருங்கியதாகும். ஹனஃபி மத்ஹபின்படி இரவலும் அமானிதமே. ஷாஃபிஈ மத்ஹபின்படியோ, வழக்கமான பயன்பாட்டினால் ஏற்படும் தேய்மானம் நீங்கலாக, இரவல் பொருள் அழிந்தால் இரவல் பெற்றவரே ஈடு செய்ய வேண்டும். எவ்வாறாயினும், நாம் கையொப்பமிட்ட ஒப்பந்தத்தின் நிபந்தனைகளைப் பேணுவது கடமையாகும். ஆகவே அந்தத் தாளை எடுத்து ஒருமுறை வாசித்துவிடுங்கள்.

ஹிஜ்ரி 8ஆம் ஆண்டு ஹுனைன் போருக்குப் புறப்படும் முன், அப்போது இஸ்லாத்தைத் தழுவியிராத ஸஃப்வான் இப்னு உமய்யாவிடம் நபி (ஸல்) அவர்கள் கவசங்களை இரவல் பெற்றார்கள். இது பறிமுதலோ என்று அவர் ஐயுற்றபோது, திருப்பித் தரும் பொறுப்புடன் கூடிய இரவலே என்று தெளிவுபடுத்தினார்கள். சில கவசங்கள் காணாமற்போனபோது ஈடு செய்யவும் முன்வந்தார்கள். வென்று ஆளும் நிலையிலும் பிறர் பொருளுக்கு அண்ணலார் காட்டிய பேணுதல் இது. பழைய பெட்டியைப் பரணில் வீசிவிட்டு, இணைப்பைத் துண்டித்த பின்னும் திருப்பித் தராமல் இருப்போர் சிந்திக்க வேண்டாமா?

மாற்றும் முறை

ஃபைபர் இணைப்பில் இரண்டு வேலைகள் நடைபெறுகின்றன. கண்ணாடி இழையில் ஒளியாக வரும் செய்தியை மின்குறிப்பாக மாற்றுவது ஒன்று. இதனைச் செய்வது ஓ.என்.டி. அச்செய்தியை வீட்டிலுள்ள கைப்பேசிகளுக்கும் கணிப்பொறிகளுக்கும் பகிர்ந்தளிப்பது மற்றொன்று; இதுவே ரூட்டரின் பணி. பல வீடுகளில் இவ்விரண்டும் ஒரே பெட்டிக்குள் இருக்கும். முதற்பணியை நிறுவனத்தின் கருவியிடமே விட்டுவிட்டு, இரண்டாவதை மட்டும் நம் ரூட்டரிடம் ஒப்படைப்பதே எளிய வழி.

முதலில் நிறுவனத்திடமோ, இணைப்புத் தந்த கேபிள்காரரிடமோ மூன்று செய்திகளைக் கேட்டறியுங்கள். இணைப்பிற்குரிய பயனர் பெயரும் கடவுச்சொல்லும் உண்டா? பெட்டியை 'பிரிட்ஜ்' முறைக்கு மாற்றித் தருவார்களா? வீட்டுத் தொலைபேசியும் அதே பெட்டியில் ஓடுகின்றதா? தொலைபேசி இருப்பின், மாற்றத்திற்குப் பின் அது நின்றுபோகாதபடி உறுதி செய்துகொள்வது அவசியம்.

பிரிட்ஜ் முறையில் பழைய பெட்டி செய்தியை அப்படியே கடத்திவிடும். பகிரும் பொறுப்பு முழுவதும் நம் ரூட்டருக்கு வந்துவிடும். பழைய பெட்டியின் லேன் துளையிலிருந்து புதிய ரூட்டரின் வேன் துளைக்குக் கம்பியை இணைத்து, பயனர் பெயரையும் கடவுச்சொல்லையும் அதில் பதிய வேண்டும். பிரிட்ஜ் முறைக்கு நிறுவனம் இணங்காவிடில், புதிய ரூட்டரை 'ஆக்சஸ் பாயிண்ட்' முறையில் வைத்து, பழைய பெட்டியின் வைஃபையை அணைத்துவிடலாம். ஆனால் அப்போது வாசற்காவல் பழைய பெட்டியிடமே இருக்கும். அதன் கடவுச்சொல்லையும் மாற்றியாக வேண்டும்.

புதிய ரூட்டர் வந்தவுடன் செய்ய வேண்டியவை நான்கு. நிர்வாகக் கடவுச்சொல்லை மாற்றுங்கள். வைஃபைக்கு டபிள்யூ.பி.ஏ.2 அல்லது டபிள்யூ.பி.ஏ.3 பூட்டை இடுங்கள். வெளியிலிருந்து கருவியை இயக்கும் வசதியை அணையுங்கள். கருவியின் மென்பொருளை அவ்வப்போது புதுப்பியுங்கள். நெட்டுக்குப்பம் போன்ற கடலோர ஊர்களில் உப்புக்காற்று துளைகளை அரிக்கும். ஆகவே சன்னலோரம் தவிர்த்து, வெள்ளம் எட்டாத உயரத்தில் வையுங்கள்.

தேவையா என்பதையும் எண்ணுக

இருக்கும் பெட்டி ஒழுங்காக இயங்குமாயின், அடுத்த வீட்டில் வாங்கிவிட்டார்கள் என்பதற்காக நாமும் வாங்குவது வீண்விரயமே. கடவுச்சொல்லை மாற்றுவதும், பெட்டியை வீட்டின் நடுப்பகுதிக்கு நகர்த்துவதும் செலவில்லாத மருந்துகள். அவற்றால் தீராத குறைக்கே புதிய கருவி.

சொந்த ரூட்டரின் பெரும்பயன் குடும்ப நிர்வாகத்தில் இருக்கின்றது. பிள்ளைகளின் கருவிகளுக்கு இரவு நேரத்தில் இணைப்பை நிறுத்தி வைக்கலாம். கிளவுட்ஃபிளேர் நிறுவனம் 2020 ஏப்ரல் முதல் குடும்பங்களுக்கெனக் கட்டணமின்றி வழங்கும் 1.1.1.3 என்ற டி.என்.எஸ். முகவரியை ரூட்டரில் பதிந்தால், ஆபாசத் தளங்கள் பெருமளவு தடுக்கப்படும். ஆயினும் கைப்பேசியின் சொந்த இணைப்பு இத்தடையைத் தாண்டிவிடும் என்பதை மறக்கலாகாது. பூட்டு வாசலைக் காக்கும். உள்ளத்தைக் காப்பது தக்வாவும் பெற்றோரின் தர்பிய்யத்துமே. எதைத் தடுத்திருக்கின்றோம், ஏன் தடுத்திருக்கின்றோம் என்பதைப் பிள்ளைகளிடம் அன்போடு விளக்குங்கள். காரணம் அறியாத தடை, சுவரேறிக் குதிக்கவே பழக்கும்.

தாய்மார்களுக்கு ஒரு வேண்டுகோள். குடும்பத் தலைவர் வெளியூரில் இருக்கும் வீடுகளில் இந்தப் பெட்டியின் கடவுச்சொல் மகனுக்கு மட்டுமே தெரிந்திருக்கின்ற நிலை நல்லதன்று. அதனை ஒரு குறிப்பேட்டில் எழுதி, வீட்டுப் பத்திரத்தோடு பத்திரமாக வையுங்கள். நம் இல்லத்திற்கு நாமே பொறுப்பாளிகள். அப்பொறுப்பு குறித்து நாளை மறுமையில் நாம் விசாரிக்கப்படுவோம்.

பிறர் பொருளை உரியவரிடம் ஒப்படைத்து, நம் வாசலை நாமே காக்கும் நல்வாய்ப்பை வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் அருள்வானாக! ஆமீன்.