மேசைமேல் கல்வராயன் மலை

கட்டைவிரல் உயரமே உள்ள வீரர்கள் இரு அணிகளாக மேசையின்மீது நிற்கிறார்கள். அவர்களுக்கிடையே ஒரு குன்று, ஒரு காடு, குறுக்கே ஓர் ஓடை. ஆடுவோர் பகடையை உருட்டி, அளவுகோலால் தொலைவை அளந்து படைகளை நகர்த்துகிறார்கள். மேசைப்போர் விளையாட்டு என்பது இதுதான். நால்வகைப் படையைக் கட்டத்தில் நிறுத்திச் சதுரங்கம் ஆடிய நாட்டவரான நமக்கு இது முற்றிலும் புதிதன்று. ஆனால் சதுரங்கத்தில் மலை கிடையாது, மேடு பள்ளம் கிடையாது. அந்தக் குறையைப் போக்க முயன்றவர்களில் ஒருவர் பிரஷ்ய நாட்டு ரைஸ்விட்ஸ். அவர் 1812இல் தம் மன்னருக்கு ஒரு மேசையைச் செய்து கொடுத்தார். வண்ணம் தீட்டிய சாந்துப் பலகைகளை மாற்றி மாற்றி அடுக்கினால் வேண்டிய நிலப்பரப்பு கிடைக்கும். 1824இல் அவருடைய மகன் மேசையை விட்டுவிட்டு 1:8000 அளவுள்ள வரைபடத்துக்கு மாறினார். படை அதிகாரிகளின் பயிற்சியில் அது இடம்பெற்றது. பொதுமக்களிடையே இதைப் பரப்பியவர்களுள், அறிவியல் புனைகதைகள் எழுதிய எச். ஜி. வெல்ஸ் முக்கியமானவர். இவ்விளையாட்டின் விதிகளை அவர் ஒரு நூலாக வெளியிட்டது 1913இல். மறு ஆண்டே மெய்யான உலகப்போர் மூண்டது.

போரை விட்டுவிடுவோம். நமக்கு வேண்டியது அந்த மேசைதான். சிறிய உருவங்களையும் சிறிய நிலத்தையும் செய்து வண்ணம் தீட்டுகிறவன் ஒவ்வொரு நாளும் ஒரு வினாவை எதிர்கொள்கிறான்: பொருளைச் சுருக்கும்போது எவையெல்லாம் உடன் சுருங்குகின்றன, எவை சுருங்க மறுக்கின்றன? இவ்வினாவுக்கு விடை காண நாம் கள்ளக்குறிச்சிக்குப் போகலாம்.

கள்ளக்குறிச்சி, சின்னசேலம், திருக்கோவிலூர் வட்டாரங்களில் மரச்சிற்பத் தொழில் நடந்து வருகிறது. கள்ளக்குறிச்சி மரச்சிற்பத்துக்கு 2021இல் புவிசார் குறியீடு கிடைத்தது. இங்குள்ள சிற்பிகள் உருவத்தை அடியாலோ செண்டிமீட்டராலோ திட்டமிடுவதில்லை. சிற்ப நூல்கள் கூறும் தாளக் கணக்கு வேறு வகையானது. உத்தம தச தாளம் என்னும் அளவில் தலை முதல் கால் வரை உயரத்தை 124 பங்காகப் பிரிப்பர். ஒரு பங்கு ஓர் அங்குலம். இது கடையில் விற்கும் அளவுகோலின் அங்குலம் அன்று, அந்த உருவத்துக்கே உரிய அங்குலம். அதில் எட்டில் ஒன்று யவை. ஆள் உயரச் சிலையானாலும் அரையடிச் சிலையானாலும் முகத்துக்கு எத்தனை பங்கு, மார்புக்கு எத்தனை பங்கு என்பது மாறாது. அளவுமாற்றத்துக்கு இதைவிடக் கச்சிதமான முறை கிடைப்பது அரிது.

ஆனால் இம்முறைக்கும் ஓர் எல்லை உண்டு. 30 மி.மீ. உயரமுள்ள உருவத்தை 124ஆல் வகுத்துப் பாருங்கள். ஓர் அங்குலம் என்பது 0.24 மி.மீ. ஆகிறது. யவையோ 0.03 மி.மீ.; தலைமுடியின் தடிப்பைவிடக் குறைவு. எந்த உளியும் அதைச் செதுக்காது, எந்தக் கண்ணும் அதைக் காணாது. அதனால்தான் மிகச் சிறிய பொம்மை செய்பவர்கள் தலையையும் கையையும் சற்றே பெரிதாக்கிவிடுகிறார்கள். மேலைநாட்டுப் போர்வீரன் பொம்மைக்கும் பெரிய தலைதான், நம் கொலுச் செட்டியாருக்கும் பெரிய தலைதான். ஒருவரைப் பார்த்து ஒருவர் கற்றதன்று. கண்ணின் கட்டுப்பாடு இருவருக்கும் ஒன்று.

மலையும் மனிதனும்

மேசைப்போரில் பெரிதும் வழங்கும் உருவம் கண் மட்டம் வரை 28 மி.மீ. உயரமுள்ளது. அதாவது ஏறத்தாழ 1:56. இந்த வீரனுக்குப் பக்கத்தில் கல்வராயன் மலையை வைக்க விரும்புகிறீர்கள் என்று கொள்வோம். மலை ஆயிரம் மீட்டர் என்றால், 56ஆல் வகுக்க, ஏறக்குறைய 18 மீட்டர். ஆறு மாடிக் கட்டடத்தின் உயரம்! மேசை தாங்காது, வீடும் தாங்காது.

சரி, மலைக்கேற்ற அளவை எடுத்துக்கொள்வோம். இந்திய நில அளவைத் துறையின் 1:50,000 வரைபடத்தில் ஒரு கிலோமீட்டர் 2 செ.மீ. ஆகிறது. கல்வராயன் மலைத்தொடரின் பரப்பு சுமார் 1,095 சதுர கி.மீ. இந்த அளவில் அது 66 செ.மீ. பக்கமுள்ள ஒரு சதுரத்துக்குள் அடங்கிவிடும். மேசைக்கு மிகப் பொருத்தம். ஆனால் வீரனின் உயரம் இப்போது 0.03 மி.மீ.! இருபது மீட்டர் உயர்ந்த தென்னை 0.4 மி.மீ. மரத்துக்காகக் கடுகு ஒன்றை ஒட்டினீர்களானால் அது குறைந்தது ஐம்பது மீட்டர் உயர மரமாகிவிடும். சலித்தெடுத்த மரத்தூள்தான் சரி.

ஆக, மனிதனும் மலையும் ஒரே அளவில் ஒரே மேசையில் அமர முடியாது. மேசைப்போர் ஆடுவோர் இதை அறிந்தே இரண்டு அளவுகளை வைத்துக்கொண்டு, நிலத்தை ஓர் அளவிலும் உருவத்தை வேறோர் அளவிலும் செய்கிறார்கள். ஒரு வீரன் நூறு பேருக்குச் சமம் என்று விதி எழுதிக்கொள்கிறார்கள். நம் வீடுகளிலும் இதே சமாதானம் நவராத்திரிதோறும் நடக்கிறது. கொலுப்படியின் ஓரத்தில் மண் பரப்பி, கேழ்வரகும் கடுகும் தூவி முளைக்கவைத்துப் பூங்கா அமைப்பார்களே, அங்கே ஐந்து செ.மீ. மனிதனுக்குப் பக்கத்தில் மூன்று செ.மீ. முளை நிற்கும். கணக்குப்படி அது ஒரு மீட்டர் உயரப் புல். யாரும் குறை சொல்வதில்லை; சொல்லவும் வேண்டாம்.

உருவங்களை ஒதுக்கிவிட்டு, கல்வராயனை மட்டும் செய்யும் வழி இது. வரைபடத்தில் சம உயரக் கோடுகள் 20 மீட்டருக்கு ஒன்றாக வரையப்பட்டிருக்கும். 20 மீட்டர் என்பது மாதிரியில் 0.4 மி.மீ.; அவ்வளவு மெல்லிய அட்டையை வெட்டி ஒட்டுவது வீண்பாடு. ஐந்து கோட்டுக்கு ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். 100 மீட்டருக்கு 2 மி.மீ. அட்டை. ஒவ்வொரு கோட்டையும் அட்டையில் படியெடுத்து வெட்டி, ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டுங்கள். படிகளுக்கிடையே காகிதக்கூழும் சுண்ணாம்புத்தூளும் கலந்த சாந்தைப் பூசிச் சரிவாக்குங்கள். பசைக்குப் புளியங்கொட்டை மாவைக் காய்ச்சியது நன்றாகவே பிடிக்கும்.

முடித்தபின் நீங்கள் ஏமாற்றமடைவீர்கள். அறுபத்தாறு செ.மீ. அகலத்தில் இரண்டு செ.மீ. உயரம்! மலையா இது, தோசையா என்று வீட்டில் கேட்பார்கள். அடிவாரத்திலிருந்து அண்ணாந்து பார்த்த கண்ணுக்கு மலை அவ்வளவு தட்டை என்று தோன்றியதே இல்லை. எனவே பெரும்பாலோர் உயரத்தை மட்டும் இரட்டிப்பாக்கி, 100 மீட்டருக்கு 4 மி.மீ. வைக்கிறார்கள். அழகு கூடும், உண்மை குறையும். 20 பாகைச் சரிவு மாதிரியில் 36 பாகையாகத் தெரியும்; ஏறக்கூடிய சரிவு ஏறமுடியாத சுவராகக் காட்சி தரும். ஆகவே உயரத்தைக் கூட்டினால், எத்தனை மடங்கு என்பதை மாதிரியின் ஓரத்தில் எழுதி வையுங்கள். பள்ளிக் கண்காட்சிகளில் இந்த ஒரு வரி விடுபடுவதால், பார்ப்பவர் மனத்தில் தவறான மலை பதிந்துவிடுகிறது.

வண்ணம் தீட்டும்போது சிமெண்டுச் சாம்பலை அப்ப வேண்டாம். இம்மலையின் பாறைகளில் சார்னோக்கைட் முக்கியமானது. கல்கத்தாவில் உள்ள ஜாப் சார்னாக்கின் கல்லறைக்கல்லைக் கொண்டு ஹாலந்து என்னும் நில இயலார் 1893இல் இட்ட பெயர் அது. சென்னைப் பரங்கிமலையும் அதே இனம். புதிதாக உடைந்த முகம் எண்ணெய்ப் பளபளப்போடு கருநீலச் சாம்பலாக இருக்கும். வெயிலிலும் மழையிலும் நெடுநாள் கிடந்த முகமோ பழுப்பேறியிருக்கும். அடிவாரத்தில் முட்புதரின் மங்கிய பச்சை, சரிவுகளில் இலையுதிர் காடு, கோடையில் அது வைக்கோல் நிறம். எந்த மாதத்து மலையைத் தீட்டுகிறீர்கள் என்பதை முதலில் முடிவு செய்துகொள்ளுங்கள்.

ஒளியும் கண்ணும்

இப்போது உருவத்துக்கு வருவோம். ஒரே நிறத்தைச் சீராகப் பூசிய சிறு பொம்மை உயிரற்றுக் கிடக்கிறதே, ஏன்? 28 மி.மீ. உருவத்தை 60 செ.மீ. தொலைவிலிருந்து பார்ப்பது, மெய்யான மனிதனை 34 மீட்டருக்கு அப்பாலிருந்து பார்ப்பதற்குச் சமம். நல்ல கண் பிரித்தறியக்கூடிய மிகச்சிறு கோணம் ஏறத்தாழ ஒரு பாகையின் அறுபதில் ஒரு பங்கு. 34 மீட்டரில் அது ஒரு செ.மீ.; சட்டைப் பொத்தான் தெரிந்தும் தெரியாமலும் இருக்கும். துணி மடிப்பின் மெல்லிய நிழற்கோடுகளோ சுற்றியுள்ள நிறத்தோடு கலந்து மறைந்துவிடும். மேலும் அறையின் விளக்கொளி சுவரிலும் கூரையிலும் பட்டுப் பல திசையிலிருந்தும் வருவதால், வெயிலைப்போல அழுத்தமான நிழல் விழாது. எனவே ஓவியன் நிழலையும் வெயிலையும் வண்ணத்தாலேயே மிகைப்படுத்தித் தீட்டுகிறான். மேல்நோக்கிய பகுதிகளில் வெளிறிய நிறம், கீழ்நோக்கியவற்றில் அடர்நிறம். ஒளி மேலிருந்தே வரும் என்று நம் மூளை எடுத்துக்கொள்வதால் இந்தத் தந்திரம் பலிக்கிறது. நிலவின் பள்ளங்களைக் காட்டும் ஒரு படத்தைத் தலைகீழாகத் திருப்பிப் பாருங்கள், பள்ளங்கள் மேடுகளாகிவிடும்.

வண்ணமும் சுருங்காத பொருள்களில் ஒன்று. தடித்த பூச்சு 0.1 மி.மீ. இருந்தால், 1:56 அளவில் வீரன் உடல் முழுவதும் அரை செ.மீ.க்கும் மேலான சாந்து அப்பிக்கொண்டவனாகிறான். விரலும் மூக்கும் மழுங்கிப்போவது இதனால்தான். நீர்க்கக் கலந்து, உலரவிட்டு, இரண்டு மூன்று முறை பூசுவதே முறை. மிக நீர்த்த அடர்நிறத்தைக் கடைசியில் ஓடவிட்டால், நுண்புழைக் கவர்ச்சியால் அது மடிப்புகளுக்குள் தானே போய் ஒதுங்கி நிழலாகிறது. தட்டையான இடத்தில் தேங்கினால் மட்டும் ஓரத்தில் கறை வளையம் உண்டாகும். காப்பித் துளி காய்ந்த தடத்தைப் பார்த்திருப்பீர்கள். துளியின் விளிம்பு பிடித்துக்கொண்டு நிற்க, அங்கேதான் நீர் விரைந்து ஆவியாகிறது. இழப்பை ஈடுகட்ட நடுவிலிருந்து நீர் ஓரத்துக்கு ஓடுகிறது, துகள்களையும் இழுத்துச் செல்கிறது. இவ்வளவு எளிய நிகழ்ச்சிக்குச் சரியான விளக்கம் சிகாகோ ஆய்வாளர்களிடமிருந்து வந்தது 1997இல்தான்! தேங்கிய இடத்தை ஈரத்தூரிகையால் உடனே ஒற்றி எடுத்துவிட்டால் வளையம் வராது.

நஞ்சு சுருங்குவதில்லை

இங்கே சற்று நின்று கவனியுங்கள். தூரிகை முனையைக் கூராக்க அதை உதட்டில் வைத்து நனைப்பது பலரிடம் உள்ள பழக்கம். கைதேர்ந்தவர்களே செய்வார்கள். 1910களின் பிற்பகுதியிலிருந்து 1920கள் வரை அமெரிக்காவில் கடிகார முகப்புகளில் ரேடியம் கலந்த வண்ணத்தைத் தீட்டிய இளம்பெண்கள் அப்படித்தான் செய்தார்கள். தாடையெலும்பு அரித்துப் பலர் மாண்டனர். நம்மிடம் ரேடியம் இல்லை. ஆனால் பழைய வண்ணங்களில் செந்தூரம் ஈயம், சாதிலிங்கம் பாதரசம், அரிதாரம் ஆர்சனிக். கடையில் வாங்கும் பளிச்சென்ற மஞ்சளிலும் சிவப்பிலும்கூட ஈயம் இருக்கக்கூடும். வீட்டு உபயோக வண்ணங்களில் ஈயம் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் இருக்கக்கூடாது என்று இந்திய அரசு 2016இல் விதி வகுத்து, 2017 நவம்பரில் நடைமுறைக்குக் கொண்டுவந்தது. அதற்கு முந்தைய டப்பா பரணில் கிடந்தால் பொம்மைக்கு எடுக்காதீர்கள்.

பழைய பொம்மை வீரர்களின் உடலே ஈயம். 1893இல் பிரிட்டன் என்னும் நிறுவனம் ஈயக் கலவையை அச்சில் ஊற்றி, வெளித்தோல் உறைந்தவுடன் நடுவில் உள்ள குழம்பைக் கொட்டிவிட்டு உள்ளீடற்ற பொம்மை செய்யும் முறையைக் கண்டது. விலை மலிந்தது, பிள்ளைகளின் வாய்க்கும் பொம்மை போயிற்று. விழுங்கிய ஈயத்தைப் பெரியவரைப்போல் நான்கைந்து மடங்கு சிறு குழந்தையின் உடல் ஏற்றுக்கொள்கிறது என்று உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது. உடல் சிறிதாக இருந்தால் நஞ்சின் அளவும் சிறிதாக இருக்கும் என்று எண்ணிவிட வேண்டாம். கணக்கு நேர்மாறாகப் போகிறது. நீரில் கரையும் அக்ரிலிக் வண்ணம், ஒரு கிண்ணம் நீர், முனை கூராக்க ஈரத்துணி, இவை போதும். தீட்டி முடித்ததும் சோப்பிட்டுக் கை கழுவிவிட்டுப் பிறகு முறுக்கைத் தொடுங்கள்.

மலை உலர்ந்துவிட்டதா? மேலே வார்னிஷ் அடித்து நீர் புகாமல் செய்தபின், பூந்தெளிப்பானால் மழை பெய்யச் செய்யுங்கள். முதலில் வியப்பாக இருக்கும். நீர் ஓடவே ஓடாது. முத்து முத்தாக நிற்கும். மூன்று மி.மீ. துளி இங்கே 150 மீட்டர் அகல ஏரி அல்லவா? பரப்பு இழுவிசையும் சுருங்க மறுக்கிறது. நீரில் சிறிது சோப்பைக் கலந்தால் அவ்விசை பாதிக்கும் கீழே இறங்கும். இப்போது தெளியுங்கள். வெள்ளிமலைப் பக்கம் பெய்தது கிழக்கே இறங்கிக் கோமுகி வழியாகக் கச்சிராயபாளையத்துக்கு அருகேயுள்ள அணையை நோக்கி வரும். தெற்கே பெய்ததில் ஒரு பங்கு வசிட்ட நதிக்குப் போகும். வடக்கு விளிம்பில் விழுந்தது தென்பெண்ணையைத் தேடும். ஒரு விரற்கடை தள்ளித் தெளித்தால் நீர் வேறோர் ஆற்றுக்குப் போய்விடுவதைக் காண்பீர்கள். அந்த இடத்தை ஒரு குண்டூசியால் குறித்துக்கொண்டே போங்கள். குண்டூசிகளை நூலால் இணைத்தால் அதுதான் நீர்பிரி கோடு. மலைமேல் கனமழை பெய்த இரவில் அணைக்குக் கீழுள்ள எந்த ஊரார் விழித்திருக்க வேண்டும் என்பதை இந்த நூலைப் பார்த்தே ஓரளவு சொல்லிவிடலாம். கோமுகியும் வசிட்ட நதியும் பின்னர் வெள்ளாற்றிலேயே சேர்கின்றன; அது கடலில் கலக்கும் பறங்கிப்பேட்டையை உங்கள் மேசையில் தேடாதீர்கள். இதே அளவில் அது இரண்டு மீட்டருக்கும் அப்பால், அநேகமாக அடுத்த அறையில் இருக்கிறது.