விமானத்தைப் பறக்கவிடும் கையொப்பம்

விமானம் என்றதும் எமது வகுப்பில் அநேகருக்கு விமானிதான் நினைவுக்கு வருவார். எனக்கோ என் மாமாவின் கைகள் நினைவுக்கு வரும். விமானப் பராமரிப்பில் வேலை செய்யும் அவருடைய நகக்கண்களில், எவ்வளவு கழுவினாலும் கிரீஸ் கறை போவதில்லை. உயர்தரத்தில் தொழினுட்பப் பிரிவைத் தெரிவுசெய்த நாள்தொட்டு அவரைக் கேள்விகளால் துளைத்து வருகிறேன்.

விமானம் பறந்தால்தான் கம்பனிக்கு வருமானம். ஆகவே அது தரையில் நிற்கும் சில மணித்தியாலங்களுக்குள் வேலையை முடிக்க வேண்டும். பெரும்பாலும் அது இரவாகவே இருக்கும். வெளியே வெயிலிலும் மழையிலும் நின்று சில்லு மாற்றுவார்கள். எரிபொருள் தாங்கிக்குள் ஊர்ந்து செல்வதும் உண்டு. நீரியல் தொகுதியின் எண்ணெய் கண்ணில் பட்டால் தாங்க முடியாத எரிவு. எஞ்சின் இரைச்சலுக்குக் காதுக்கவசம் அவசியம். வேலை முடிந்ததும் எல்லாக் கருவிகளையும் எண்ணுவார்கள். ஒரு சாவி குறைந்தாலும் அது கிடைக்கும்வரை விமானம் நகராது. மாமா நோன்பு மாதத்தில் பல நாட்கள் ஸஹர் செய்வது அங்கேதான்.

இத்தனை கண்டிப்பு ஏன்? 1990 ஜூன் 10ஆம் திகதி பர்மிங்ஹாமிலிருந்து ஸ்பெயினுக்குப் புறப்பட்ட பிரித்தானிய விமானமொன்றின் முன்கண்ணாடி நடுவானில் கழன்று பறந்தது. தலைமை விமானியின் உடல் பாதி வெளியே இழுபட்டது. பணியாளர்கள் அவரைப் பிடித்துக்கொண்டிருக்க, துணை விமானி சவுத்தாம்ப்டனில் தரையிறக்கினார். எல்லோரும் உயிர் தப்பினர். அக்கண்ணாடி முந்திய நாள் அதிகாலையில்தான் மாற்றப்பட்டிருந்தது. அதன் 90 போல்ட்டுகளில் 84 தேவையானதைவிட மெல்லியவை. பழைய போல்ட்டோடு ஒப்பிட்டு, கண்மதிப்பில் எடுக்கப்பட்டவை அவை. வித்தியாசம் ஒரு மில்லிமீற்றர்கூட இல்லை. இந்தக் கதையைச் சொல்லும்போது மாமா ஒருபோதும் அந்தத் தொழிலாளியைத் திட்டியதில்லை. “ஆள் குறைவு, விடியப் போற நேரம், மகள்” என்பார்.

வேலை முடிந்தபின் விமானம் பறக்கத் தகுதியானது எனக் கையொப்பமிடுபவர் அனுமதிப்பத்திரம் பெற்ற பொறியியலாளர். சம்பளமும் பொறுப்பும் அங்கேதான் கூடுகின்றன. எஞ்சின், உடற்பகுதி போன்றவற்றுக்கு ‘பி1’, இலத்திரனியலுக்கு ‘பி2’ எனப் பிரிவுகள் உண்டு. ஐரோப்பிய முறையில் ஒவ்வொரு பாடத்திலும் 75 புள்ளி எடுத்தால்தான் சித்தி. அங்கீகரிக்கப்பட்ட கற்கைநெறியை முடித்தவருக்கு இரண்டு வருட வேலை அனுபவம் வேண்டும். முன்பயிற்சியே இல்லாதவருக்கு ஐந்து வருடம். அதன்பிறகும் ஒவ்வொரு விமான வகைக்கும் தனிப் பயிற்சி இருக்கிறது. பரீட்சைக் கட்டணமும் கற்கைநெறிச் செலவும் சாதாரண குடும்பத்துக்கு இலேசானவையல்ல என்பதையும் மறைக்கக்கூடாது. ஆனால் பத்திரம் கையிலிருந்தால் வளைகுடா நாடுகளிலும் வேலை தேடலாம். மாமாவோடு பயிற்சி பெற்ற பலர் அப்படித்தான் போனார்கள்.

“பொம்புளப் புள்ளைக்கு ராவு வேலையா?” என்று உம்மும்மா கேட்டார். தன் பகுதியில் இரண்டு பெண்கள் இருப்பதாகவும், வேலைக்கு வாகனம் வந்து ஏற்றிச்செல்வதாகவும் மாமா சொன்னார். உம்மா இன்னும் ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் நேற்று, அந்தக் கற்கைநெறிக்கு எவ்வளவு முடியும் என்று மாமாவிடம் மெதுவாக விசாரித்தது எனக்குக் கேட்டது.