மழைக்கு முன்னே ஒரு போத்து

குளிர்நாட்டுத் தோட்டக்காரர்கள் உறைபனிக்கு முன்பே கோலியஸ், ஜெரேனியம் போன்ற செடிகளின் தளிரை வெட்டி, வீட்டுக்குள் வேர்விட வைப்பார்கள். ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பக்கம் பனிக்கு வேலையில்லை. இங்கே எதிரி அடைமழை. ஆண்டு மழையில் பாதிக்கு மேல் அக்டோபர் முதல் டிசம்பருக்குள் கொட்டித் தீர்க்கும். 2015 டிசம்பர் தொடக்கத்தில் பக்கத்துச் செம்பரம்பாக்கத்தில் ஒரே நாளில் 47 செ.மீ. பெய்தது.

மழையில் செடி நனைவதால் கேடில்லை. தொட்டியில் நீர் தேங்கினால்தான் ஆபத்து. மண்துகள்களுக்கு இடையே இருக்கும் காற்றை நீர் வெளியேற்றிவிடும். ஆக்சிஜன் கிடைக்காத வேர் சோர்ந்துபோக, பித்தியம் போன்ற நுண்ணுயிரிகள் புகுந்து அழுகச் செய்யும். இலை வாடுவதைப் பார்த்துத் தண்ணீர் ஊற்றினால் கதை முடிந்தது.

மழைக்கு முன்பே தளிரை வெட்டி வீட்டுக்குள் வேர்விட வைப்பதுதான் இதற்கு மாற்றுவழி. முருங்கைப் போத்து நட்டவர்களுக்கு இது புதிதல்ல. கோலியஸில் பூக்காத தளிராகப் பார்த்து, விரல் நீளத்துக்கு, கணுவுக்குச் சற்றுக் கீழே சுத்தமான பிளேடால் வெட்டுங்கள். கீழ் இலைகளைக் கிள்ளிவிட்டு, மேலே இரண்டு மூன்று மட்டும் விடுங்கள். வேர் இல்லாத தண்டு நீரை உறிஞ்சத் திணறும். இலை குறைந்தால் நீரிழப்பும் குறையும்.

தளிர் நுனியில் உருவாகும் ஆக்சின் என்னும் ஹார்மோன் தண்டு வழியே கீழிறங்கி, வெட்டுவாயில் சேரும். அங்குள்ள செல்கள் பிரிந்து புது வேர்முனைகளாகும். இந்த ஹார்மோன் இருப்பதை ஓட்ஸ் முளைகளில் செய்த சோதனையால் காட்டியவர் டச்சு அறிஞர் ஃப்ரிட்ஸ் வென்ட். ஆய்வு வெளியானது 1928இல். கடையில் கிடைக்கும் வேர்த்தூளில் இருப்பதும் இதே வகை வேதிப்பொருள்தான். கோலியஸுக்கு அது தேவைப்படாது.

ஈரமான தேங்காய் நார்த்தூளில் தண்டைச் செருகி, அடிப்பகுதி வெட்டிய தண்ணீர் பாட்டிலை அதன் மேல் போர்த்தி, மூடியைத் திறந்து வையுங்கள். உள்ளே ஈரம் நிற்பதால் ஷிஃப்டுக்குப் போகிறவர்கள் தினமும் தண்ணீர் ஊற்ற வேண்டியதில்லை. நேர்வெயில் படாத, வெளிச்சமுள்ள ஜன்னலோரம் போதும். சதைப்பற்றான ஜெரேனியத்துக்கு மட்டும் பாட்டில் வேண்டாம், அழுகிவிடும். மெல்ல இழுத்துப் பார்த்தால் தண்டு பிடித்து நிற்க வேண்டும். அதுவே வேர்விட்டதற்கு அடையாளம்.

போத்தில் வளர்வது தாய்ச்செடியின் நகல், நிறம் மாறாது. நோயும் அப்படியே தொற்றும் என்பதால் நல்ல செடியிலிருந்து மட்டும் வெட்டுங்கள். ஐப்பசி பிறக்கும்வரை காத்திருக்காமல், புரட்டாசியிலேயே தொடங்கிவிடுங்கள். ஒவ்வொரு செடிக்கும் மூன்று போத்து வையுங்கள். ஒன்று போனாலும் இரண்டு மிஞ்சும்.