மறுபடி வாசிக்கப் புத்தகம் எங்கே?

“பொன்னியின் செல்வனை இளமையில மூணு தரம் வாசிச்சேன். போன வருஷம் திரும்ப எடுத்தேன், முதல் பாகத்தோட வச்சிட்டேன். வந்தியத்தேவன் போற வேகத்துக்கு இப்ப நமக்குப் போக ஏலாது தம்பி” என்றார் அட்டனில் படிப்பித்து ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர். இப்போது அவர் கையில் இருப்பது என்.எஸ்.எம். இராமையாவின் ‘ஒரு கூடைக் கொழுந்து’. அட்டை கழன்று, நூல் போட்டுக் கட்டிய பிரதி.

வயது ஏறினால் வாசிப்பு மாறும் என்பது எல்லா ஊருக்கும் பொதுதான். ஆனால் மலையகத்தில் அது மாறும் திசையைக் கவனிக்க வேண்டும். இளமையில் எங்கள் வாசிப்பு தோட்டத்தை விட்டு வெளியே ஓடியது. கல்கி, அகிலன், நா. பார்த்தசாரதி, பிறகு ரமணிசந்திரன் என்று லயத்துக் காம்பராவில் இருந்தபடியே சோழ நாட்டிலும் சென்னையிலும் குடியிருந்தோம். தோட்டத்தைப் பற்றிய கதையா, அதைத்தான் தினமும் பார்க்கிறோமே என்று ஒதுக்கினோம். ஐம்பதைத் தாண்டியவர்களிடம் இன்று கேட்டால் தோட்டத்து வாழ்வை எழுதிய இராமையாவையும் சி.வி. வேலுப்பிள்ளையையும் தெளிவத்தை ஜோசப்பையும்தான் தேடுகிறார்கள்.

‘ஒரு கூடைக் கொழுந்து’ அறுபதுகளின் தொடக்கத்துக் கதை. அதன் பெயரிலேயே 1980-இல் தொகுப்பு வந்தது. ஒரு பெண் வழக்கத்துக்கு மேல் கொழுந்து எடுத்துவிடுகிறாள். அவ்வளவும் அவள் கையால் எடுத்ததுதானா என்று சந்தேகம் கிளம்புகிறது. பதினெட்டு வயதில் வாசித்தவருக்கு அதில் அந்தப் பெண்ணின் துடிப்பும் ரோசமும் தெரிந்தன. நாற்பதில் வாசித்தவருக்குத் தராசு தெரிந்தது. கூடைக்கு, ஈரத்துக்கு என்று நிறுவையில் கிலோ கழிப்பதும், சொன்ன அளவு வராத நாளில் அரை நாள் சம்பளமாக அரைப்பேர் விழுவதும் அடுப்பு வரை வந்து சுடும் என்று அறிந்த வயது அது. அறுபதில் கண் போய் நிற்பது அவள் விரல்களில். முப்பது வருடம் கொழுந்தெடுத்த கையைப் பக்கத்தில் வைத்துப் பார்த்திருக்கிறீர்களா? ஆள்காட்டி விரலின் ஓரம் சாயம் ஏறிக் கறுத்து, நுனியில் கோடு கோடாக வெடித்திருக்கும். புத்தகத்தின் பக்கத்தைப் புரட்டினால் காகிதம் அந்த வெடிப்பில் மாட்டி இழுபடும். அந்தக் கையோடு அந்தக் கதையை வாசிப்பவர் எந்த விமர்சகரையும்விட நன்றாக வாசிக்கிறார் என்பேன்.

வேலுப்பிள்ளையின் ‘வீடற்றவன்’ நாவலும் அப்படித்தான். தொழிற்சங்க ஆவேசத்தோடு இளைஞர்கள் அதைப் படித்த காலம் ஒன்று இருந்தது. பென்ஷன் இல்லாமல் சேமலாப நிதியை மட்டும் வாங்கிக்கொண்டு பேர் வெட்டிய தொழிலாளிக்கு, அதில் வீடு பறிபோகும் இடம்தான் கதை. வீட்டில் ஒருவராவது தோட்டத்தில் பேர் போடாவிட்டால் காம்பரா என்னவாகும் என்ற பயம் இன்னும் தீரவில்லை. வீட்டுக்கான ஏழு பேர்ச் காணியும் அதன் உறுதிப் பத்திரமும் இன்னும் பலர் கைக்கு வந்து சேரவில்லை.

எழுத்து தெரியாதவர்களும் இங்கே மறுவாசிப்புச் செய்தவர்களே. பெரிய எழுத்து நல்லதங்காள் கதையையும் அல்லி அரசாணி மாலையையும் இரவில் இஸ்தோப்பில் உட்கார்ந்து ஒருவர் ராகமிட்டு வாசிக்க, லயமே கேட்கும். அதே கதை, அதே ராகம், வருடா வருடம். என் அப்பாயி சிறுமியாக இருந்தபோது நல்லதங்காளை ரசித்துக் கேட்டவர். 1974-இல் அரிசியும் மாவும் கிடைக்காமல் தோட்டங்களில் பட்டினிச் சாவு விழுந்தபோது அவருக்கு நான்கு பிள்ளைகள். பஞ்சம் பொறுக்காமல் பிள்ளைகளைக் கிணற்றில் போட்ட ஒருத்தியின் கதையை அதன் பிறகு அவர் கேட்டதே இல்லை. யாராவது தொடங்கினால் எழுந்து போய்விடுவார்.

வயதானவர்கள் பழகியதையே விரும்புவார்கள், இதில் ஆராய என்ன இருக்கிறது என்று சிலர் சொல்லலாம். இருக்கட்டும். எனக்குள்ள கவலை வேறு. திரும்பி வருகிறவர்களுக்குப் புத்தகம் எங்கே?

பத்துக்குப் பன்னிரண்டு அடிக் காம்பராவில் ஏழெட்டுப் பேர் படுத்தெழும்பிய வீட்டில் அலமாரிக்கு எங்கே இடம்? தகரக் கூரை ஒழுகும். விறகடுப்புப் புகை ஒரு பக்கம், நுவரெலியாக் குளிரின் ஈரம் ஒரு பக்கம். இரண்டு மாரி கண்ட புத்தகத்தில் பூஞ்சணம் படர்ந்து பக்கங்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். இதற்கு மேல் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம். 1964-இல் கையெழுத்தாகி, எங்கள் மக்களில் ஐந்தேகால் லட்சம் பேரை இந்தியாவுக்கு அனுப்புவதென்று கணக்குப் போட்டார்கள். எங்கள் பெரியப்பா தலைமன்னாரில் கப்பலேறும் முன் தன் புத்தகங்களைப் பக்கத்து லயத்து நண்பருக்குக் கொடுத்துவிட்டுப் போனார். அந்த நண்பருக்கும் பிறகு இந்தியப் பாஸ்போர்ட் வந்தது. புத்தகங்கள் யார் கைக்குப் போயின என்று தெரியாது.

மலையக நூல்கள் அந்தக் காலத்தில் ஆயிரம் பிரதி அச்சானாலே பெரிது. கோகிலம் சுப்பையாவின் ‘தூரத்துப் பச்சை’, தெளிவத்தை ஜோசப்பின் ‘காலங்கள் சாவதில்லை’ ஆகியவற்றின் முதல் பதிப்பை இன்று அட்டன் டவுனில் யாரிடமாவது கேட்டுப் பாருங்கள். 2013-இல் ஜோசப்புக்கு விஷ்ணுபுரம் விருது கிடைத்த பின் தமிழ்நாட்டு வாசகர்கள் அவரைத் தேடிப் படித்தார்கள், சந்தோஷம். அங்கே அச்சாகிற புத்தகம் கடல் தாண்டி இங்கே வந்து சேரும்போது விலை ஒரு நாள் சம்பளத்தை எட்டிவிடுகிறது.

போனில் எல்லாம் இருக்கிறதே என்கிறார்கள் பிள்ளைகள். 2005-இல் தொடங்கிய நூலகம் இணையத் திட்டம் நம் நூல்கள் பலவற்றைப் பக்கம் பக்கமாகப் பாதுகாத்து இலவசமாகத் தருகிறது; அது பெரிய தொண்டு. ஆனால் கண்ணில் வெள்ளை படர்ந்த ஒரு கிழவிக்கு ஆறு அங்குலத் திரையில் பழைய அச்சு எழுத்து தெரியாது. வாசித்துக் காட்டப் பேரப்பிள்ளையும் வீட்டில் இல்லை. கொழும்பில் கடையில் நிற்கிறான்.

பதிப்பிப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். மலையக நூல்களை மறுபதிப்புச் செய்யும்போது எழுத்தைப் பெரிதாகப் போடுங்கள். அவற்றைத் தேடுகிறவர்களின் வயதை நினைத்துப் பாருங்கள். தோட்டத்து வாசிகசாலைகளில் பேப்பரோடு இந்தப் பத்துப் பதினைந்து புத்தகங்களாவது இருக்கட்டும். உங்கள் வீட்டு டிரங்குப் பெட்டியில் அட்டை போன ஒரு பழைய கதைத் தொகுப்போ கையெழுத்துப் பாட்டுக் கொப்பியோ கிடந்தால், அதைப் பழைய பேப்பர்காரருக்கு நிறுத்துப் போட்டுவிடாதீர்கள். ஊர்ப் பாடசாலை ஆசிரியரிடம் காட்டுங்கள், படம் எடுத்து வைக்கச் சொல்லுங்கள்.